ஊன்றிய காலும் கலைந்த கையும்

சில ஆண்டுகளுக்கு முன், காரைக்காலில் நடந்த ஒரு கல்லூரி விழாவின் நிழற்படப் போட்டிக்கு நடுவராக இருக்க நேர்ந்தது. தமிழ் படித்தவனுக்கு நிழற்படத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். மூன்று நடுவர் தேவைப்பட்டது, இருவர்தான் கிடைத்தார்கள், மூன்றாவது நாற்காலியில் நான் அமர்த்தப்பட்டேன். அவ்வளவுதான் என் தகுதி. அந்த நாற்காலியில் இருந்துகொண்டு நான் செய்த ஒரு தவறு பற்றியும், அதன்பின் அதைப்பற்றிப் படித்தும் யோசித்தும் நான் வந்து சேர்ந்த ஒரு கருத்தைப் பற்றியுமே இக்கட்டுரை.

போட்டிக்கு வந்த படங்களில் ஒன்று பரதநாட்டியம் ஆடும் பெண்ணினுடையது. முகம் ஓரளவுதான் தெரிந்தது. கைகள் இரண்டும் கைகளாக இல்லை. தோளிலிருந்து புறப்பட்டு விரிந்த இரண்டு வெளிறிய விசிறிகளாக இருந்தன. நீட்டி மீண்ட வலக்கால், பாவாடை விசிறியின் சிவப்போடு கலந்து ஒரு புகைபோல் கிடந்தது. ஆனால் ஊன்றியிருந்த இடக்கால் மட்டும் சலங்கையின் மணிகளை எண்ணிவிடலாம் என்னும்படி தெளிவாக இருந்தது. மற்ற இரு நடுவர்களும் அப்படத்தைப் பார்த்த நேரம் ஐந்து வினாடி இருக்கலாம். “கை ஆடிடுச்சு” என்றார் ஒருவர். “பையன் அவசரத்துல எடுத்திருக்கான்” என்றார் மற்றவர். எனக்கு அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஆயினும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அறிந்தவர்கள் இருவர் சொல்லும்போது அறியாதவன் ஏன் வாய்திறக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். முதற்பரிசு, பாய்ந்த நிலையில் காற்றில் உறைந்து நிற்கும் ஒரு நடனமணியின் படத்துக்குப் போயிற்று. நல்ல படந்தான், நாட்காட்டியில் அச்சிடலாம்.

மறுவாரம் அந்த மாணவரை நடைபாதையில் கண்டு, “அந்தப் படம் எப்படி எடுத்தாய்?” என்று கேட்டேன். “தப்பா எடுத்ததுன்னு சொல்லிட்டாங்க சார். அந்த வரிசைல எடுத்த எல்லாத்தையும் அழிச்சிட்டேன்” என்றார். வேண்டுமென்றே எடுத்ததா, தவறி எடுத்ததா என்று கேட்டேன். முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஒத்திகையில் மூன்று மாலைகள் உட்கார்ந்து எடுத்ததாகச் சொன்னார். இப்போது அவர் திருமணப் படங்கள் எடுக்கிறார். பட்டுப்புடவையின் ஒவ்வோர் இழையும் தெரிகிற, யாரும் குறை சொல்லமுடியாத படங்கள். போட்டிக்காக அவர் தந்த அச்சுப்படி மட்டும் என் மேசை இழுப்பறையில் தங்கிவிட்டது.

ஆடலைப் பதிவு செய்வதில் நாம் ஒரு பாதியை மட்டுமே நிழற்படம் என்று ஏற்றுக்கொண்டு மறுபாதியைத் தவறு என்று தள்ளிவிட்டோம் என்பது என் கருத்து. தள்ளப்பட்ட அந்தப் பாதியில்தான் ஆடல் என்ற வினை இருக்கிறது.

*

நிழற்படக்காரர்கள் ‘ஸ்லோ ஷட்டர்’ என்று சொல்வதை நான் இங்கே நெடுநேரப் பதிவு என்று குறிப்பிடுகிறேன். கேமராவின் உள்ளே ஒளியைத் தடுத்து நிற்கும் திரை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு நேரத்து நிகழ்ச்சியும் ஒரே படத்தில் சேர்கிறது. 1/500 வினாடி திறந்தால் சுழலும் கையும் கல்லாகி நிற்கும். 1/4 வினாடி திறந்தால் கை போன வழி முழுவதும் படத்தில் தடமாகும். அதிக நேரம் திறப்பதால் அதிக ஒளி புகும். எனவே ஒளித்துளையைச் சிறிதாக்கி, ஐ.எஸ்.ஓ. எண்ணை 100 போன்ற கீழ்நிலையில் வைக்க வேண்டும். கேமரா அசையக் கூடாது, முக்காலி வேண்டும், விரலால் அழுத்தும் அதிர்வும் படாமலிருக்கத் தனி விசை இருந்தால் நல்லது. ஆடுபவர் மட்டுமே அசையலாம். கேமராவும் அசைந்தால் படத்தில் எல்லாமே கலங்கிவிடும்; எது ஆட்டம், எது கைநடுக்கம் என்று பிரிக்க இயலாது. அந்த மாணவரின் படத்தில் ஊன்றிய கால் தெளிவாக இருந்ததே, அதுவொன்றே போதும், அவர் கை ஆடவில்லை என்பதற்குச் சான்று. ஐந்து வினாடிக்கு மேல் பார்த்திருந்தால் நடுவர்களும் அதைக் கண்டிருப்பார்கள்.

நிழற்படத்தின் பிறப்பே நெடுநேரப் பதிவில்தான். பாரிஸில் தாகேர் 1838இல் தம் சாளரத்திலிருந்து எடுத்த தெருக்காட்சி புகழ்பெற்றது. வண்டிகளும் மனிதர்களும் ஓயாது போய்வந்த தெரு அது. ஆனால் திரை பல நிமிடங்கள் திறந்திருந்ததால் போய்க்கொண்டிருந்தவர் எவரும் பதிவாகவில்லை. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவரின் உருவம் மட்டும் விழுந்தது. அசைபவை மறைந்துபோவது பெருங்குறையாகத் தோன்றியதால், பின்வந்தவர்கள் வேகத்தைத் தேடி ஓடினார்கள். அவ்வோட்டம் வெற்றி பெற்றது. பெற்ற வெற்றியை இன்று எப்படிச் செலவழிக்கிறோம் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வர்ணம் அரைமணி நேரம் ஆடப்படுகிறது என்று கொள்வோம், 1800 வினாடி. நிழற்படக்காரர் 1/500 வினாடி வேகத்தில் நூறு படங்கள் எடுக்கிறார். அந்த நூறு படங்களும் சேர்ந்து பதிவு செய்த மொத்த நேரம் வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு! மீதி 1799 சொச்சம் வினாடி எங்கே? அவையெல்லாம் ஒரு நிலைக்கும் மறுநிலைக்கும் இடையே கை நடந்த வழி, கால் பெயர்ந்த வழி, இடை திரும்பிய வழி. அதே நூறு படங்களை 1/4 வினாடியில் எடுத்தால் இருபத்தைந்து வினாடி ஆட்டம் படத்துக்குள் வந்துவிடும். கணக்கால் கலை பிறவாது என்பது உண்மை. ஆனால் நாம் எதை வைத்துக்கொண்டு எதை விட்டுவிடுகிறோம் என்பதைக் கணக்கு காட்டிவிடுகிறது.

இன்னொன்று. ஆதி தாளத்தின் ஓர் எண்ணிக்கை ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால், சதுசிர நடையில் ‘தகதிமி’யின் ஒவ்வோர் எழுத்தும் 1/4 வினாடி. ஆக 1/4 வினாடிப் படம் ஒரு ‘த’வைப் பிடிக்கிறது, ஒரு வினாடிப் படம் முழுத் ‘தகதிமி’யைப் பிடிக்கிறது. திரை திறக்கும் நேரத்தைத் தாளத்தோடு பொருத்தித் தேர்ந்துகொள்ளலாம். நட்டுவாங்கம் கேட்கும் காதும் கேமராவின் பின்னே இருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள். 1/500இல் எடுப்பவருக்குத் தாளம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை; வினாடிக்குப் பத்துப் படம் சுட்டுவிட்டுப் பிறகு பொறுக்கிக்கொள்ளலாம்.

*

இந்த வழக்கு புதியதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு நாட்டில் இது நடந்திருக்கிறது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊரில் வாழ்பவன் என்பதால் மட்டும் நான் அதைச் சொல்லவில்லை. அவ்வழக்கின் ஒரு முனை நம் அம்மையாரின் வாசலில் வந்து நிற்கிறது.

உடலியல் அறிஞரான எத்தியேன்-ழூல் மாரே 1882இல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமராவைச் செய்து, வினாடிக்குப் பன்னிரண்டு படங்கள் எடுத்தார். நடப்பதும் ஓடுவதும் பறப்பதும் துண்டுதுண்டாகக் கண்ணுக்குத் தெரிந்தன. அறிவியலுக்கு அது பெரும்பேறு. ஆனால் சிற்பி ரோதான் அதனை ஒப்பவில்லை. 1911இல் வெளிவந்த அவருடைய உரையாடல் நூலில் இது பற்றிப் பேசுகிறார். கணநேரத்தில் எடுத்த நிழற்படத்தில் நடக்கும் மனிதன் ஒற்றைக்காலில் முடமாகி நிற்பவன்போல் தெரிகிறான். உலகத்தில் காலம் அப்படி நிற்பதில்லை. ஆகவே பொய் சொல்வது நிழற்படம், உண்மை சொல்வது கலைஞன் என்பது அவர் வாதத்தின் சாரம். சிற்பி தன் உருவத்தின் ஒரு பகுதியில் முன் கணத்தையும் மற்றொரு பகுதியில் பின் கணத்தையும் வைக்கிறான். பார்ப்பவன் கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகையில் அசைவு பிறக்கிறது என்று அவர் விளக்கினார். கம்போடிய அரசவை நடனக் குழு 1906இல் பிரான்சுக்கு வந்தபோது பின்தொடர்ந்து சென்று வரைந்து குவித்தவர் அவர். ஆடலைக் கண்ணால் குடித்தவர் என்று சொல்லலாம்.

அந்த ரோதான் 1913இல் நம் கூத்தப்பெருமான் செப்புத் திருமேனியைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவர் இறந்து நான்காண்டுகள் கழித்து 1921இல் அது அச்சானது. அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. சென்னை அருங்காட்சியகத்திலிருந்து சென்ற நிழற்படங்களைப் பார்த்தே எழுதினார். அப்படங்களில் இருந்த திருமேனி திருவாலங்காட்டினுடையது. இன்றும் எழும்பூரில் திருவாசி இன்றி நின்றாடுகிற அதே திருமேனி. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து சென்று, கயிலையில் இறைவனைக் கண்டு, அவன் ஆடும்போது அவன் அடியின்கீழ் இருந்து பாடவேண்டும் என்று வரம் பெற்று வந்தமர்ந்த ஊர் திருவாலங்காடு என்பதைப் பெரியபுராணம் படித்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நிழற்படம் அசைவைப் பற்றிப் பொய் சொல்கிறது என்ற ரோதான், நிழற்படத்தின் வழியாகவே ஆடவல்லானைக் கண்டு உருகினார்! இதில் முரண்பாடு இருப்பதாக நான் முதலில் நினைத்தேன். பிறகு தெளிந்தது. அப்படங்கள் ஆடும் மனிதனின் கணநேரப் படங்கள் அல்ல. அசைவை ஏற்கெனவே தன்னுள் சேர்த்துக்கொண்ட ஒரு சிற்பத்தின் படங்கள். சோழர் காலத் திருமேனிகள் பலவற்றில் சடை இருபுறமும் பிரிந்து கிடைமட்டமாகப் பறக்கிறது. விரைந்து சுழல்பவனின் சடை அல்லவா அப்படி எழும்? ஆனால் முகமோ சுழற்சியின் சுவடே இன்றி அமைதியாக நம்மை நோக்கியிருக்கிறது. சுழலும் கணமும் நின்று நோக்கும் கணமும் ஒரே செம்பில் வார்க்கப்பட்டிருக்கின்றன. ஒரு கால் முயலகன்மேல் ஊன்றியிருக்கிறது. ஒரு கால் தூக்கியிருக்கிறது. இதை என் இழுப்பறையிலிருந்த அச்சுப்படியோடு வைத்துப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது என்றால் மிகையில்லை. மாணவர் சிற்பம் பார்த்து அப்படி எடுத்தவரல்லர். 1/4 வினாடி திறந்துவைத்தால் ஊன்றிய கால் நிலைத்தும் மற்றவை பரந்தும் விழுவது ஒளியின் இயல்பு. சிற்பி தவத்தால் கண்டதைத் திரை தானே காட்டியது.

நிழற்படக்காரர்களிலும் இதை உணர்ந்தவர்கள் உண்டு. இத்தாலியில் பிரகாலியா 1911ஆம் ஆண்டளவிலேயே மாரேயின் துண்டுகளை மறுத்து, அசைவின் தொடர்ந்த தடத்தைப் படமாக்கினார். அமெரிக்காவில் பத்திரிகை வடிவமைப்பாளரான அலெக்ஸி பிராடோவிச், 1930களின் நடுவில் நியூயார்க்கில் ஆடிய ருஷ்ய பாலே குழுக்களைச் சிறிய கேமராவால், பிளாஷ் இல்லாமல், மேடை ஒளியிலேயே எடுத்து 1945இல் ‘பாலே’ என்ற நூலாக்கினார். உருவங்கள் கரைந்தும் விளக்குகள் சிதறியும் கிடக்கும் அப்படங்கள் அன்றைய இலக்கணப்படி பிழைகளின் தொகுப்பு. இன்று நடன நிழற்பட வரலாற்றை எழுதுபவர் எவரும் அந்நூலைத் தாண்டிப் போக முடியாது.

*

நம் ஆடற்கலையின் உள்ளேயே இதற்கு இணையான ஒரு வழக்கு நடந்திருக்கிறது. தில்லைக் கோபுர வாயில்களில் நூற்றெட்டுக் கரணங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் விமான மேல்தளத்தில் எண்பத்தொன்று முடிந்து, மீதிக்கான கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. ஒரு கரணத்துக்கு ஒரு சிற்பம். எனவே கரணம் என்றால் ஒரு நிலை, ஒரு ‘போஸ்’ என்றே பலரும் நெடுங்காலம் கருதினர். கரணம் என்பது நிலை அன்று. அது ஓர் அசைவு. காலும் கையும் உடலும் சேர்ந்து தொடங்கி நடந்து முடியும் ஒரு வினை. சிற்பி அவ்வினையின் ஒரு கணத்தை மட்டுமே கல்லில் பிடித்தான் என்று ஆய்வால் நிறுவியவர் பத்மா சுப்ரமணியம். பரத நூலையும் சிற்பங்களையும் ஒப்பிட்டு, தாமே ஆடிக் காட்டி, கல்லில் நின்ற கணத்துக்கு முன்னும் பின்னும் இருந்த அசைவை மீட்டுத் தந்தார்.

அந்த ஆய்வின் பாடம் நமக்கு முக்கியமானது. நிலையை மட்டும் பதிவு செய்து வைத்தால் சில நூற்றாண்டுகளில் நிலையே ஆடல் என்று ஆகிவிடும். அசைவை மீட்க ஓர் ஆயுளின் உழைப்பு தேவைப்படும். கல்லில் அசைவைப் பிடிக்க வழியில்லாத சிற்பிக்கு மன்னிப்பு உண்டு. திரையை விரும்பிய நேரம் திறந்துவைக்கும் வசதி பெற்ற நமக்கு என்ன சமாதானம்?

“வீடியோ இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. ஆனால் வீடியோவும் வினாடிக்கு இருபத்தைந்து, முப்பது என்று அடுக்கிய படங்களே; அது ஓடும்போது அசைவு தெரிகிறது, நிறுத்தினால் போய்விடுகிறது. ஒரு கை வரைந்த வளைவு முழுவதையும் ஒருசேர வைத்துக்கொண்டு நெடுநேரம் நோக்குவதற்கு நெடுநேரப் பதிவுதான் உதவும். நாடகத்தைப் பார்த்தவனும் பாட்டைப் படிக்க விரும்புவதுபோல என்று கொள்ளுங்கள்.

*

மறுதரப்பை நான் புறக்கணிக்கவில்லை. அதில் தத்துவமும் உண்டு, நடைமுறையும் உண்டு.

தத்துவத்தை முதலில் பார்ப்போம். கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் தீவட்டம் தெரிகிறது. வட்டம் என்று ஒன்று அங்கே இல்லை. ஒரு தீப்புள்ளி ஓடுகிறது, அவ்வளவே. கொள்ளிவட்டம் என்று நாம் சொல்லும் இதனை வடமொழியில் அலாதசக்கரம் என்பர். கௌடபாதர் தம் காரிகையின் நான்காம் பகுதியில் உலகத் தோற்றத்துக்கே இதை உவமையாக்கினார். அப்படியானால் நெடுநேரப் பதிவும் கொள்ளிவட்டந்தானே, இல்லாததை இருப்பதாகக் காட்டும் மாயைதானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. என் மறுமொழி இதுதான்: ஆடல் கண்ணுக்காகப் பிறந்தது. பரதமாடும் பெண்ணின் கையில் கண் காண்பது அந்த வட்டத்தையே. தனித்தனிப் புள்ளிகளை எந்தச் சுவைஞனும் கண்டதில்லை. திருவிழாவில் தீப்பந்தம் சுழற்றும் சிலம்பாட்டக்காரர் நமக்குக் காட்ட விரும்புவதும் வட்டத்தையே. மெய்ப்பொருள் ஆராய்ச்சியில் வட்டம் பொய்யாகலாம். ஆட்டத்தில் வட்டமே மெய். 1/500 வினாடிப் படம் காட்டுவதுதான் எந்தக் கண்ணும் காணாத ஒன்று.

நடைமுறை மறுப்பு இன்னும் வலுவானது. மங்கலே கலை என்று ஒப்புக்கொண்டால் கைநடுங்கி எடுத்ததெல்லாம் கலையென்று வந்து நிற்கும். உண்மை. புதுக்கவிதை வந்தபோதும் யாப்பறியாதவர் எழுதியதெல்லாம் புதுக்கவிதை என்று வந்து நின்றது. அதற்காகப் புதுக்கவிதையை நாம் தள்ளிவிடவில்லை, பிரித்தறியக் கற்றுக்கொண்டோம். இங்கும் ஓர் அளவுகோல் உண்டு. படத்தில் நிலைத்த ஒன்று இருக்கிறதா? ஊன்றிய காலோ, நிமிர்ந்த முதுகோ, எரியும் குத்துவிளக்கோ, மேடைத் தூணோ, ஏதேனும் ஒன்று அசையாது நிற்க வேண்டும். அந்த நிலைப்பே மற்றவற்றின் அசைவுக்குச் சாட்சி. அது இல்லாத படம் வெறும் கலங்கல்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அபிநயத்தில் உயிர் கண்ணிலும் புருவத்திலும் உதட்டோரத்திலும் இருக்கிறது. பதம் ஆடுபவரின் முகத்தை 1/4 வினாடியில் கரைத்துவிடுவது கொடுமை. அங்கே விரைந்த திரையே வேண்டும். நிருத்தத்தில், தீர்மானங்களில், தில்லானாவில், கரகத்தில், காவடியில், சிலம்பத்தில் நெடுநேரப் பதிவுக்கு இடம் உண்டு. இந்தப் பகுப்பு நம் ஆடல் இலக்கணத்திலேயே இருப்பதுதான்.

போட்டி முடிந்து வெகுநாள் கழித்து, அந்த அச்சுப்படியை எங்களூரில் நெடுங்காலமாக நாட்டியம் கற்பிக்கும் ஓர் அம்மையாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சற்றுநேரம் பார்த்தார். “நாட்டடவு” என்றார். பிறகு, “மண்டி எழும்பவே இல்ல பாருங்க சார். நல்லா சொல்லிக்கொடுத்திருக்காங்க” என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். அரைமண்டியில் அமர்ந்து ஆடும்போது கால் நீட்டி மீளும் ஒவ்வொரு தடவையும் உடம்பு மேலே எழும்பிக் கீழே அமர்ந்தால் அது பிழை. எழும்பியிருந்தால் இந்தப் படத்தில் தலையும் தோளும் மேலுங்கீழும் இழுபட்டிருக்கும். இங்கே கைகள் பறக்கின்றன, ஆனால் இடுப்பும் முதுகும் நின்ற இடத்தில் நிற்கின்றன. நிறுத்திப் பிடித்த படத்தில் இது தெரியாது. எழும்பி அமர்ந்தவளும் ஒரு கணத்தில் சரியான மண்டியில் இருக்கத்தான் செய்வாள்!

நாங்கள் மூவர் நடுவராக அமர்ந்து தவறு என்று தள்ளிய படம், அந்தப் பெண்ணின் பல்லாண்டுப் பயிற்சிக்குச் சான்றாக இருந்திருக்கிறது. பரிசு பெற்ற படம் அப்படி எதையும் சொல்லவில்லை. கலங்கல் தெளிவைவிட அதிகம் சொல்லும் இடமும் உண்டு என்பதை அன்று கற்றேன்.

*

இதெல்லாம் நிழற்படக்காரர்களின் உட்சண்டை என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. படம் ஆடலைத் தொடர்ந்து வந்த காலம் போய், ஆடல் படத்தைத் தொடரும் காலம் வந்திருக்கிறது. அரங்கேற்றங்களைப் பாருங்கள். அழைப்பிதழுக்காகவும் ஆல்பத்துக்காகவும், மேடையேறுவதற்கு வாரங்கள் முன்பே ஸ்டூடியோவில் நிலைநிலையாக நின்று படமெடுத்து முடிந்துவிடுகிறது. எந்த வீட்டு ஆல்பத்தைத் திறந்தாலும் அதே பதினைந்து இருபது நிலைகள், அதே புன்னகை. பெயரை மாற்றினால் ஆளை மாற்றிவிடலாம். மேடையிலும் தீர்மானம் முடிகிற நிலையில் வேண்டியதற்குமேல் ஒரு கணம் நின்று பிளாஷ் வெட்டியபின் நகரும் பழக்கத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தக் குழந்தைகளைக் குறைகூற மாட்டேன். நின்றால்தான் படம், படம் இருந்தால்தான் ஆடியதற்குச் சாட்சி என்று நாம் கற்பித்திருக்கிறோம். பிளாஷின் வெட்டொளி ஆடுபவரின் கண்ணைக் கூசவைக்கிறது. பின்வரிசைக்காரரின் கவனத்தைக் குலைக்கிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைப்பது பற்றிய குறிப்பு இருக்கிறது. ஆடுபவர்மேல் ஒரு நிழலும் விழக்கூடாதென்று கவலைப்பட்ட மரபின் வாரிசுகள் நாம்.

நெடுநேரப் பதிவுக்குப் பிளாஷ் வேண்டாம். இருக்கிற மேடை ஒளி போதும். இடத்தைவிட்டு எழுந்து மேடை விளிம்பில் ஓடவும் வேண்டாம். ஓர் ஓரத்தில் முக்காலியோடு அமர்ந்தால் போதும். ஆடுபவருக்கும் இடையூறில்லை, காண்பவருக்கும் இல்லை. விழா நடத்துபவர்களுக்கு இதுவே போதுமான காரணமாக வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. போட்டி நடத்தும் கல்லூரிகள் நடனப் படங்களில் நெடுநேரப் பதிவைத் தனிப்பிரிவாக ஏற்கட்டும். நடுவர்களில் ஒருவராவது ஆடல் அறிந்தவராக இருக்கட்டும். இதழ்கள் பத்து நிலைகளுக்கு நடுவே ஓர் அசைவையும் அச்சிடட்டும். அரங்கேற்ற ஆல்பத்தில் ஒரே ஒரு பக்கத்தையாவது உண்மையில் ஆடியபோது எடுத்த படத்துக்கு விட்டுவைக்கட்டும். பெண் வளர்ந்து தன் ஆல்பத்தைத் திருப்பும்போது, தான் நின்றதை மட்டுமன்றி ஆடியதையும் ஒரு பக்கத்திலேனும் காண வேண்டாமா?

*

கங்கைகொண்ட சோழபுரத்தில் கூத்தப்பெருமானின் சிற்பம் ஒன்று உண்டு. அதன் அடியில் வற்றிய உடலோடு அம்மையார் அமர்ந்திருக்கிறார். அறுபத்துமூவர் வரிசையிலும் மற்றவரெல்லாம் நின்றிருக்க, அவர் ஒருவரே அமர்ந்திருப்பார். ஆடல் உச்சத்தில் இருக்கும்போது தான் அசையாமல், ஓரிடம் பற்றி, கண் திறந்து வைத்திருந்த சாட்சி அவர்.

அவர் கண்டதை எப்படிப் பாடினார் என்று மீண்டும் படித்துப் பாருங்கள். ஆலங்காட்டுப் பதிகங்களிலும் அற்புதத் திருவந்தாதியிலும் இறைவன் எந்த நிலையில் நின்றான் என்பதைவிட, அவன் அசைந்ததால் என்ன ஆயிற்று என்பதே அவர் அக்கறை. சடை எங்கெங்கே பரவியது என்கிறார். கால் பெயர்ந்தால் கீழுலகம் என்னாகும், முடி பெயர்ந்தால் விண் என்னாகும், கை பெயர்ந்தால் திசைகள் என்னாகும், இந்த அரங்கு தாங்குமா என்று கவலைப்படுகிறார். நிலையைக் கண்டவரின் சொற்கள் அல்ல இவை. பெயர்ச்சியைக் கண்டவரின் சொற்கள். நம் ஊர்ப் பெண் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுசொன்னதை, கேமரா வைத்துக்கொண்டு நாம் காணத் தயங்குகிறோம்.

மூன்று மாதங்களுக்கு முன் அந்த மாணவரைத் தேடிப்பிடித்து அச்சுப்படியைத் திருப்பிக் கொடுத்தேன். நாட்டிய ஆசிரியை சொன்னதையும் சொன்னேன். போட்டியன்று நான் பேசாமலிருந்ததையும் சொன்னேன். அதற்கு அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. படத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இன்னும் கொஞ்சம் கூட்டி, அரை வினாடி வச்சிருக்கணும் சார்” என்றார்.

ஆனியில் மாங்கனித் திருவிழா வருகிறது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மாங்கனிகள் வானில் எழுந்து வளைந்து இறங்கும். ஒவ்வோராண்டும் செய்தித்தாளில் அவை காற்றில் நிற்கும் மஞ்சள் உருண்டைகளாகவே அச்சாகின்றன. எறிந்த கையிலிருந்து ஏந்திய கைவரை அந்த மஞ்சள் கோட்டை ஒரு படத்தில் காண ஆசை. வீதியில் முக்காலி நிற்காது, கூட்டம் தள்ளிவிடும். தெரிந்தவர் வீட்டு மாடி ஒன்றைக் கேட்டு வைத்திருக்கிறேன். அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.